ஆற்றைத் தாண்டிய நாடுகள்

சோழர்களுக்கு இது நல்ல காலம். ‘பொன்னியின் செல்வன்’ படமாக வந்ததிலிருந்து தஞ்சைக்கும் கங்கைகொண்ட சோழபுரத்துக்கும் கூட்டம் குறையவில்லை. ஆதித்த கரிகாலனைக் கொன்றது யார், ராஜராஜனின் பள்ளிப்படை எங்கே என்ற கேள்விகளுக்கு யூடியூபில் மணிக்கணக்கில் பதில் கிடைக்கிறது. அதே ராஜராஜன் காலத்தில் ஓர் உழவர் தம் ஊர் எங்கே இருக்கிறது என்று எப்படிச் சொல்லியிருப்பார்? அந்த ஊரை இன்று எங்கே போய்த் தேடுவது? இப்படிக் கேட்பவர்கள் குறைவு. இந்தக் கேள்வியைப் பிடித்துக்கொண்டு ஒரு வாழ்நாளையே அதற்குக் கொடுத்தவர் வரலாற்றறிஞர் ஒய். சுப்பராயலு. சென்னை, மதுரை, தஞ்சை என்று போன அந்தத் தேடல் புதுச்சேரிக் கடற்கரையை ஒட்டிய செயின்ட் லூயி வீதியில், பிரெஞ்சு நிறுவனத்தின் வரைபட அறைக்கு வந்து சேர்ந்தது.

1973இல் தமிழ்நாடு அரசின் தொல்லியல் துறை அவருடைய ஆங்கில நூல் ஒன்றை வெளியிட்டது. சோழநாட்டின் அரசியல் புவியியல் என்பது அதன் பொருள். போர்க்களமும் அந்தப்புரமும் அதில் கிடையாது. பக்கம் பக்கமாக ஊர்ப் பெயர்கள், நாட்டுப் பெயர்கள், அவற்றைக் குறித்த வரைபடங்கள். கதை கேட்கும் ஆசையோடு திறப்பவர் பத்தாம் பக்கத்தில் மூடிவிடுவார். ஆனாலும் சோழர் வரலாற்றை எழுத வந்த எவரும், அமெரிக்கராக இருந்தாலும் ஜப்பானியராக இருந்தாலும், அந்தப் பட்டியல்களைத் தாண்டிப் போக முடியவில்லை. அவரோடு ஒத்துப்போனவர்களும் அவருக்கு எதிராக வாதாடியவர்களும் அவருடைய வரைபடத்தை விரித்து வைத்துக்கொண்டுதான் பேசினார்கள்.

முகவரி என்ற சான்று

சோழர் கல்வெட்டு ஒன்றில் ஊர்ப் பெயர் தனியாக வருவது அரிது. திருவிடைமருதூர் என்றால், உய்யக்கொண்டார் வளநாட்டுத் திரைமூர் நாட்டுத் திருவிடைமருதூர். மண்டலம், அதற்குள் வளநாடு, அதற்குள் நாடு, அதற்குள் ஊர். பார்த்தவுடன் நமக்கு மாநிலம், மாவட்டம், வட்டம், கிராமம் என்ற வரிசை நினைவுக்கு வரும். பழைய வரலாற்றாசிரியர்களில் பலரும் அப்படித்தான் எடுத்துக்கொண்டார்கள். பிரிட்டிஷ் கலெக்டர் ஆட்சியைக் கண்டு வளர்ந்த தலைமுறை அது. மேலே இருக்கும் அரசன் தன் வசதிக்காக நிலத்தைக் கூறு போட்டான், அந்தக் கூறுகளில் ஒன்றுதான் நாடு என்று அவர்கள் கருதியதில் வியப்பில்லை.

சுப்பராயலு அந்த முகவரிகளைக் கொண்டு வேறொன்று செய்தார். எந்த நாட்டில் எந்தெந்த ஊர்கள் இருந்ததாகக் கல்வெட்டுகள் சொல்கின்றன என்று தொகுத்தார். பிறகு ஒவ்வோர் ஊரையும் இன்றைய நிலப்படத்தில் தேடினார். கேட்பதற்கு எளிய வேலை. செய்து பார்த்தவர்களுக்குத்தான் தெரியும், கல்வெட்டு இருக்கும் இடம் வேறு, அது பேசும் நிலம் வேறு. திருவாரூர்க் கோவில் சுவரில் எங்கோ பத்துக் கல் தொலைவில் உள்ள வயலைப் பற்றிய ஆவணம் இருக்கலாம். ஊர்ப் பெயர் ஆயிரம் ஆண்டில் தேய்ந்திருக்கும். சதுர்வேதிமங்கலம் என்று ராணியின் பெயரில் ஏற்பட்ட ஊர் இன்று மூன்றெழுத்தில் நிற்கும். ஒரே பெயரில் நான்கு ஊர்கள் இருக்கும். சில ஊர்களை ஆறு கொண்டுபோயிருக்கும். ஊகித்து ஒரு புள்ளி வைத்துவிடலாம்தான். ஆனால் தவறான ஒரு புள்ளி பக்கத்து நாட்டின் எல்லையையே கோணலாக்கிவிடும்.

புள்ளிகளை எல்லாம் வைத்து முடித்தபோது தெரிந்தது என்ன? நாடுகள் ஆறுகளை எல்லையாகக் கொள்ளவில்லை. பல இடங்களில் ஆற்றின் இரு கரையிலும் ஒரே நாட்டின் ஊர்கள் இருந்தன. மேலிருந்து ஒருவன் கோடு கிழித்திருந்தால் ஆற்றைத்தான் எல்லையாக வைத்திருப்பான், அதுதான் வரிக்கணக்குக்கு வசதி. நாடுகளின் அளவும் ஒன்றுபோல இல்லை. காவிரிப் படுகையின் வளமான பகுதியில் சின்னச் சின்னதாக நெருங்கிக் கிடந்தன. மேட்டு நிலத்துக்குப் போகப் போகப் பரந்து விரிந்தன, ஊர்களுக்கு இடையில் தொலைவும் கூடியது. நாட்டின் பெயர் பெரும்பாலும் அதற்குள் உள்ள ஒரு முதன்மை ஊரின் பெயர். திரைமூர் இருந்தது, அதனால் திரைமூர் நாடு.

இதிலிருந்து அவர் வந்து சேர்ந்த முடிவு, நாடு என்பது அரசன் வகுத்த பிரிவு அல்ல என்பது. தண்ணீரை ஒட்டிக் குடியேறிய வேளாண் மக்கள் ஒரே வாய்க்காலையும் ஏரியையும் பங்கிட்டுக்கொண்டு, பெண் கொடுத்துப் பெண் எடுத்து, பக்கத்துப் பக்கத்து ஊர்களாகச் சேர்ந்து உண்டானது. சோழர்கள் வருவதற்கு முன்பே அது இருந்தது. அரசர்கள் அதன் மேல் வந்து உட்கார்ந்தார்கள்.

வளநாடு அதற்கு நேர் எதிர். ஏறத்தாழ 1000ஆம் ஆண்டையொட்டி ராஜராஜன் காலத்தில் நிலம் அளக்கப்பட்டது, வளநாடுகள் வகுக்கப்பட்டன. அவற்றுக்கு எல்லை பெரும்பாலும் ஆறுகள். உய்யக்கொண்டார் வளநாடு அரிசிலாற்றுக்கும் காவிரிக்கும் நடுவில் கிடந்தது. பெயர்களும் அரசனின் விருதுப் பெயர்கள்: அருமொழிதேவ வளநாடு, க்ஷத்ரியசிகாமணி வளநாடு, கேரளாந்தக வளநாடு, நித்தவினோத வளநாடு. ஆற்றை எல்லையாக வைத்ததால் சில பழைய நாடுகளை இந்தக் கோடுகள் இரண்டாக வெட்டின. பின்னால் வந்த அரசர்கள், குறிப்பாக முதலாம் குலோத்துங்கன், பல வளநாடுகளுக்குப் பெயரை மாற்றினார்கள். நாட்டின் பெயர் மட்டும் அப்படியே நின்றது. முகவரியில் ஒரு பகுதி அரசோடு மாறியது, இன்னொரு பகுதி மாறவில்லை என்பதைக் கண்டதுதான் அந்த நூலின் சாதனை என்பது என் கணிப்பு. அதற்கு எந்தக் கோட்பாடும் தேவைப்படவில்லை. பொறுமை மட்டும் தேவைப்பட்டது.

வாகூர்ச் செப்பேடு

இதைப் புரிந்துகொள்ளப் புதுச்சேரிக்காரர்கள் தஞ்சாவூர் வரை போக வேண்டியதில்லை. கடலூர் சாலையில் திரும்பினால் பாகூர். கல்வெட்டில் வாகூர். அங்கே 1879இல் கிடைத்த செப்பேடுகள் பல்லவ அரசன் நிருபதுங்கவர்மனின் எட்டாம் ஆட்சியாண்டைச் சேர்ந்தவை, 9ஆம் நூற்றாண்டு. வாகூரில் இருந்த வித்யாஸ்தானத்துக்கு, அதாவது கல்விக் கழகத்துக்கு, சேட்டுப்பாக்கம், விளங்காட்டங்கடுவனூர், இறைப்புனைச்சேரி என்ற மூன்று ஊர்களைக் கொடுத்த செய்தி அதில் இருக்கிறது. வடமொழிப் பகுதி அரச குலத்தைப் புகழ்கிறது. நிலத்தைப் பற்றிய காரியம் எல்லாம் தமிழ்ப் பகுதியில்.

அந்தத் தமிழ்ப் பகுதியில் அரசனின் ஓலை யாருக்குப் போகிறது என்று பார்க்க வேண்டும். தாசில்தாரைப் போன்ற ஓர் அதிகாரிக்குப் போகவில்லை. நாட்டாருக்குப் போகிறது. அவர்கள் ஓலையைத் தொழுது தலையில் வைத்து, எல்லையை நடந்து பார்த்து, கல்லும் கள்ளியும் நட்டு, செய்து முடித்ததை எழுதித் திருப்பி அனுப்புகிறார்கள். இந்த மண்ணில் எது எங்கே முடிகிறது என்பது அவர்களுக்குத்தான் தெரியும். அரசன் தானம் கொடுக்கலாம், எல்லைக் கல்லை நாட்டார்தான் நட முடியும். சுப்பராயலு வரைபடத்தில் கண்டது பாகூர்ச் செப்பேட்டில் ஒரு நிகழ்ச்சியாகவே எழுதப்பட்டிருக்கிறது.

நாட்டார் என்றால் எல்லா மக்களும் என்று உருகிவிட வேண்டாம். வெள்ளான்வகை ஊர்களில், அதாவது வேளாண் குடிகளின் ஊர்களில், நிலம் வைத்திருந்தவர்களின் குரல் அது. நாம் மேடைதோறும் உத்தரமேரூர்க் குடவோலையைப் பற்றிப் பெருமை பேசுகிறோம். அந்தக் கல்வெட்டுகள் முதலாம் பராந்தகன் காலத்தவை, 919, 921ஆம் ஆண்டுகள். அவை பேசுவது ஒரு பிரமதேயச் சபையை, அதாவது பிராமணர் ஊரின் சபையைப் பற்றி. சோழநாட்டின் பெரும்பாலான ஊர்கள் பிரமதேயங்கள் அல்ல. அங்கே சபை கிடையாது, ஊரார்தான். அந்த ஊர்களைப் பற்றி நமக்குத் தெரிந்தது குறைவு, அவர்கள் கல்லில் வெட்டி வைத்ததும் குறைவு. கிடைத்ததை வைத்து அவர்களைத் தேடிய சிலரில் சுப்பராயலு ஒருவர்.

பெயர்களை எண்ணியவர்கள்

இன்னொருவர் ஜப்பானியர். நொபோரு கராஷிமா 1960களின் தொடக்கத்தில் சென்னைப் பல்கலைக்கழகத்துக்கு வந்து, அப்போது உதகமண்டலத்தில் இருந்த கல்வெட்டுத் துறை அலுவலகத்தில் தமிழ்க் கல்வெட்டு படிக்கக் கற்றவர். திருச்சிக்கு அருகே உள்ள அல்லூர், ஈசானமங்கலம் என்ற இரண்டு ஊர்களை ஒப்பிட்டு அவர் எழுதிய கட்டுரை துறைக்குள் பெயர் பெற்றது. ஒன்று வெள்ளான்வகை, மற்றது பிரமதேயம். பக்கத்துப் பக்கத்தில் இருந்தும் நில உடைமை இரண்டிலும் ஒரே மாதிரி இல்லை என்பதை அவர் காட்டினார். பிரமதேயத்தில் தனியார் உடைமை, வெள்ளான்வகையில் ஊர்ப் பொது.

கராஷிமாவும் சுப்பராயலுவும் தோரு மத்சுயியும் சேர்ந்து 1978இல் மதுரையிலிருந்து மூன்று தொகுதிகளாக ஒரு நூலை வெளியிட்டார்கள். சோழர் கல்வெட்டுகளில் வரும் ஆட்பெயர்களின் அட்டவணை. யார், எந்த ஊர், எந்த ஆண்டு, என்ன பட்டம், கல்வெட்டில் அவருக்கு என்ன வேலை. ஒரு தொலைபேசிப் புத்தகத்தைப் படிப்பது போலத்தான் இருக்கும். ஆனால் ஆயிரக்கணக்கான பெயர்கள் ஒரே வரிசையில் நின்றபோது தனித்தனிக் கல்வெட்டில் தெரியாதது தெரிந்தது. உடையான், கிழவன் என்று முடியும் பெயர்கள் நிலம் உடையவர்களைக் காட்டின. மூவேந்தவேளான், பிரமராயன், பல்லவரையன், விழுப்பரையன் என்ற பட்டங்கள் எந்தக் காலத்தில் கூடுகின்றன, எப்போது குறைகின்றன என்று எண்ண முடிந்தது. மூவேந்தவேளான் என்ற பட்டத்துக்கு முன்னால் பெரும்பாலும் ஓர் அரசனின் பெயரோ விருதோ ஒட்டிக்கொண்டிருக்கும், ஆகவே அதைக் கொடுத்தது எந்த அரசன் என்றும் ஊகிக்கலாம்.

நம் ஊரில் வரலாற்றை எண்ணிப் பார்ப்பது என்றால் பலருக்குக் கசக்கும். ஒரே ஒரு கல்வெட்டை எடுத்து, அதில் தனக்கு வேண்டிய ஒரு வரியைப் பிடித்து, ஒரு சாதிக்கோ ஒரு கட்சிக்கோ பெருமை சேர்ப்பது எளிது. மூவாயிரம் கல்வெட்டுகளை வரிசையாக வைத்தால் அந்த ஒரு வரி எவ்வளவு சாதாரணம், அல்லது எவ்வளவு விதிவிலக்கு என்று தெரிந்துபோகும். இந்த ஆய்வாளர்கள் பொதுமேடைகளில் அதிகம் அழைக்கப்படாததற்கு இதுவும் ஒரு காரணமாக இருக்கலாம்.

ஸ்டைனோடு ஒரு வழக்கு

சுப்பராயலுவின் வரைபடத்தை எடுத்துக்கொண்டு அவர் போகாத இடத்துக்குப் போனவர் பர்ட்டன் ஸ்டைன். இந்த அமெரிக்க வரலாற்றாசிரியரின் பெரிய நூல் 1980இல் வந்தது. அதுவரை சோழர் வரலாறு என்றால் கே.ஏ. நீலகண்ட சாஸ்திரி. 1930களில் வந்த அவருடைய ‘சோழர்கள்’ நூலில் மையம் வலுவாக இருக்கும், அதிகாரிகள் படிநிலையில் நிற்பார்கள், அரசன் ஆணை கீழே வரை ஓடும். ஸ்டைன் அதைத் தலைகீழாக்கினார். நாடுகள் தாமாக உண்டானவை, தாமாக இயங்கியவை என்றால் சோழப் பேரரசு என்று ஒன்று நிஜத்தில் எங்கே இருந்தது? காவிரிப் படுகைக்கு வெளியே சோழ அரசனுக்கு இருந்தது சடங்கு வழிப்பட்ட தலைமை மட்டும், வரி வாங்கும் அதிகாரம் நாட்டாரிடமே இருந்தது என்று அவர் வாதிட்டார். ஆப்பிரிக்காவின் அலூர் மக்களைப் பற்றி எயிடன் சௌத்தால் என்ற மானிடவியலாளர் எழுதியதிலிருந்து ஒரு மாதிரியை எடுத்துவந்து இதற்குப் பொருத்தினார்.

தன் கண்டுபிடிப்பை இவ்வளவு மதித்து ஒருவர் பெரிய நூலே எழுதினால் பல அறிஞர்கள் மகிழ்ந்து சும்மா இருந்துவிடுவார்கள். சுப்பராயலு இருக்கவில்லை. 1976இல் மதுரையில் அவர் செய்த ஆய்வே இடைக்காலத் தென்னிந்திய அரசைப் பற்றியதுதான். 1982இல் சோழ அரசு பற்றிய கட்டுரையில் தம் விடையைத் தெளிவாக வைத்தார். நாடு அடித்தளம் என்பது சரி. ஆனால் ராஜராஜன் காலத்திலிருந்து முதலாம் குலோத்துங்கன் காலம் வரை அதன் மேல் ஒன்று கட்டப்பட்டது. நிலம் அளக்கப்பட்டது, வளநாடு வகுக்கப்பட்டது, புரவுவரித் திணைக்களம் என்று வரிக்கான ஒரு துறையே கல்வெட்டுகளில் தலைகாட்டுகிறது, அதிகாரி என்ற சொல்லோடு மூவேந்தவேளான்கள் பெருகுகிறார்கள். பிற்காலச் சோழரிடம் இது தளர்கிறது, சிற்றரசர்கள் தலையெடுக்கிறார்கள். ஆகவே சோழ அரசு முழு இரும்பும் அல்ல, வெறும் சடங்கும் அல்ல. வளர முயன்ற, ஒரு கட்டத்தில் வளர்ந்த, பிறகு சோர்ந்த அரசு.

ஆர். சம்பகலட்சுமி, கேசவன் வெளுத்தாட் போன்றோரும் ஸ்டைனை வெவ்வேறு பக்கத்திலிருந்து மறுத்தார்கள். என் பார்வையில் சுப்பராயலுவின் மறுப்புக்கு ஒரு தனி எடை உண்டு. காலத்தை அவர் பிரித்துப் பார்த்தார். நானூறு ஆண்டுச் சோழராட்சியை ஒரே நிலைப்படமாக வைத்துச் சண்டை போட்டதுதான் சாஸ்திரிக்கும் ஸ்டைனுக்கும் பொதுவான குறை. இருந்தாலும் ஸ்டைனுக்கு ஒன்றைக் கொடுத்தாக வேண்டும். சோழர் அரசு பற்றி அதற்கு முன் யாரும் இவ்வளவு கடுமையாகக் கேள்வி கேட்கவில்லை.

தஞ்சைப் பெரிய கோவில் கல்வெட்டுகளை ஒருமுறை பொறுமையாகப் படித்தால் சடங்கு அரசு என்ற வாதம் தள்ளாடத் தொடங்கும். கோவிலுக்கு வருவாய் தரும் ஊர் ஒவ்வொன்றின் மொத்த நிலமும் சொல்லப்படுகிறது. பிறகு கழிவு: ஊர் நத்தம், குளம், வாய்க்கால், கோவில்கள், கம்மாணச்சேரி, பறைச்சேரி, சுடுகாடு. மீதி நிலத்துக்கு இவ்வளவு கலம் நெல், ஆடவல்லான் என்னும் மரக்காலால் அளந்து. வேலிக்குச் சுமார் நூறு கலம் என்ற கணக்கு பல ஊர்களில் வருகிறது. நிலத்தின் பின்னம் முந்திரி, கீழ்முந்திரி என்று கீழே கீழே இறங்குகிறது. அந்த நுணுக்கம் வயலில் எந்த அளவுக்கு நடைமுறையில் இருந்தது என்பது வேறு. ஆனால் கணக்குப் பிள்ளை ஒருவர் உட்கார்ந்து எழுதியிருக்கிறார், அவருக்கு மேலே அதைக் கேட்க ஒருவர் இருந்திருக்கிறார்.

மண்ணுக்கு அடியிலும் கடலுக்கு அப்பாலும்

தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகம் 1981இல் தோன்றியது. அங்கே கல்வெட்டியல், தொல்லியல் துறையில் பேராசிரியராக இருந்த காலத்தில் சுப்பராயலு கோவில் சுவரை விட்டுக் குழிக்குள் இறங்கினார். ஈரோடு மாவட்டத்தில் நொய்யல் கரையில் உள்ள கொடுமணல். சங்க இலக்கியத்தில் கொடுமணம் என்று வரும் ஊர். 1985இலிருந்து நடந்த அகழாய்வில் தமிழ்-பிராமி எழுத்துப் பொறித்த பானை ஓடுகள் நூற்றுக்கும் மேல் கிடைத்தன. பச்சைக்கல், நீலக்கல், சூதுபவளம், பளிங்கு என்று மணிகள் செய்த பட்டறைகளின் தடங்களும் இரும்பு உருக்கிய உலைகளும் வெளிப்பட்டன. பச்சைக்கல் அருகே படியூரில் கிடைப்பது. அரசர் தலைநகரம் அல்லாத ஓர் ஊரில், கைவினைஞர்கள் பானையில் தங்கள் பெயரை எழுதி வைத்திருந்தார்கள். சுப்பராயலுவோடு அங்கே பணியாற்றிய கா. ராஜன் பின்னாளில் புதுவைப் பல்கலைக்கழகத்தின் வரலாற்றுத் துறைக்கு வந்து கொடுமணலை மீண்டும் தோண்டினார். பழனி அருகே பொருந்தலில் ராஜன் கண்ட நெல்லின் காலம் கி.மு. 490 என்று வந்ததைத் தமிழ் வாசகர்கள் செய்தித்தாளில் படித்திருப்பார்கள்.

இடைக்கால ஆய்வாளர் ஒருவர் சங்க காலக் குழியில் இறங்கியதை வழி மாறியதாக நான் பார்க்கவில்லை. ஓடுகளில் உள்ள எழுத்தை அவர் அணுகிய விதமும் பெயர் அட்டவணை விதம்தான். எந்தப் பெயர் தமிழ், எது பிராகிருதம், எத்தனை, எந்த அடுக்கில்.

அவருடைய வாசிப்பு கடலையும் தாண்டியது. சுமத்ராவின் மேற்குக் கரையில் பாருசுக்கு அருகே லோபு துவா என்ற இடத்தில் 1873இல் ஒரு தமிழ்க் கல்வெட்டு கிடைத்தது. சக ஆண்டு 1010, அதாவது கி.பி. 1088. கல் உடைந்துபோனது, இப்போது ஜகார்த்தா அருங்காட்சியகத்தில் இருக்கிறது. நீலகண்ட சாஸ்திரி 1930களிலேயே அதைப் பற்றி எழுதியிருந்தார், ஆனால் வாசகம் முழுதாகப் பிடிபடவில்லை. 1990களில் பிரெஞ்சு ஆய்வாளர்கள் பாருசில் அகழாய்வு செய்தபோது சுப்பராயலு அதை மறுபடி படித்தார். திசையாயிரத்து ஐந்நூற்றுவர் என்ற வணிகக் குழுவினர் வாரோசில், அதாவது பாருசில், கூடி, அங்கே வரும் மரக்கலத் தலைவர்கள் கஸ்தூரியின் விலையைக் கணக்கிட்டுப் பொன்னில் கட்டணம் கட்ட வேண்டும் என்று முடிவு செய்கிறார்கள். ராஜேந்திரனின் கடாரப் படையெடுப்பைப் பற்றி நாம் பேசும் பேச்சில் பத்தில் ஒரு பங்கு கூட இந்த வணிகர்களுக்குக் கிடைப்பதில்லை. அவர்கள் அங்கே சங்கமாகக் கூடிக் கட்டணம் விதிக்கும் அளவுக்கு வேரூன்றி இருந்தார்கள், அதுவும் அரசன் பெயரைச் சொல்லாமல்.

செயின்ட் லூயி வீதி

1954 நவம்பர் 1ஆம் தேதி புதுச்சேரியின் ஆட்சி இந்தியாவுக்குக் கைமாறியது. அடுத்த மார்ச்சில் பிரெஞ்சு நிறுவனம் திறக்கப்பட்டது, முதல் இயக்குநர் ழான் ஃபிலியோசா. அரசியலில் விலகிய பிரான்ஸ் ஆய்வில் தங்கியது. சைவ ஆகமச் சுவடிகள் அங்கே சேர்ந்தன, 2005இல் அவற்றை யுனெஸ்கோ உலக நினைவுப் பட்டியலில் சேர்த்தது. தி.வே. கோபாலையர் பதிப்பித்த தேவாரம் அங்கிருந்துதான் வந்தது. ஆனால் அதே கட்டடத்தில் தொடக்கத்திலிருந்தே இன்னொரு கூட்டமும் இருந்தது: காடுகளையும் தாவரங்களையும் வரைபடமாக்கும் தாவரவியலாளர்கள். தென்னிந்தியத் தாவரப் படங்களை அவர்கள் தாள் தாளாக வெளியிட்டார்கள்.

தமிழ்ப் பல்கலைக்கழகத்தில் ஓய்வு பெற்றபின் சுப்பராயலு இங்கே வந்தது பொருத்தமான சேர்க்கை. ஒரு பக்கம் கல்வெட்டும் சுவடியும், மறுபக்கம் நிலத்தைக் கணினியில் அடுக்கடுக்காக வைத்துப் பார்க்கத் தெரிந்தவர்கள். தென்னிந்திய வரலாற்று நிலப்படத் திட்டம் அங்கே உருவானது. தொல்பழங்காலத்திலிருந்து 1600 வரையிலான தென்னிந்தியாவை இணையத்தில் எவரும் பார்க்கும்படி வைக்கும் முயற்சி. 1973இல் கையால் வைத்த புள்ளிகளுக்கு இப்போது அட்சரேகையும் தீர்க்கரேகையும் கிடைத்தன. அந்த நிறுவனத்தின் இந்தியவியல் துறைக்கும் அவர் தலைமை வகித்தார்.

இந்தக் காலத்தில்தான் அவர் முதன்மைப் பதிப்பாசிரியராக இருந்து தொகுத்த தமிழ்க் கல்வெட்டுச் சொல்லகராதி சென்னையில் சாந்தி சாதனா வெளியீடாக இரண்டு தொகுதிகளில் வந்தது. வெட்டி, முட்டையாள், கடமை, அந்தராயம், உழக்கு, படாகை, இறைகாவல் என்று கல்வெட்டில் குறுக்கே வந்து மாணவனை நிறுத்தும் சொற்களுக்கு எங்கே, எந்த ஆண்டில், என்ன பொருளில் என்று விடை. 2012இல் வந்த ‘சோழர் கீழ்த் தென்னிந்தியா’ என்ற ஆங்கிலத் தொகுப்பு அவருடைய நாற்பது ஆண்டுக் கட்டுரைகளை ஒரே இடத்தில் சேர்த்தது. அவருடைய கட்டுரைகளில் பெரும்பகுதி ஆங்கிலத்திலேயே இருப்பது தமிழ் வாசகருக்கு ஒரு நட்டம். சொல்லகராதி தமிழ்ச் சொற்களுக்கு, ஆய்வுரை ஆங்கிலத்தில் என்பது நம் பல்கலைக்கழகங்களின் பொது நோய், அவர் ஒருவரைக் குறை சொல்லிப் பயனில்லை.

புதுச்சேரி தன்னை விற்பது மஞ்சள் சுவர்களையும் நீலப் பெயர்ப்பலகைகளையும் வைத்துத்தான். வாரக் கடைசியில் சென்னையிலிருந்தும் பெங்களூரிலிருந்தும் வருகிறவர்கள் வெள்ளை நகரத்தைத் தாண்டி வருவதில்லை. ஆனால் இந்தச் சிறு ஆட்சிப் பகுதிக்குள் பாகூர் மூலநாதர் கோவில் இருக்கிறது, வில்லியனூர் திருக்காமீசுவரர் கோவில் இருக்கிறது, மதகடிப்பட்டுக் கோவில் இருக்கிறது. திருபுவனை வரதராசப் பெருமாள் கோவிலில் ராஜாதிராஜன் காலத்து 1048ஆம் ஆண்டுக் கல்வெட்டு 260 மாணவர்களும் 12 ஆசிரியர்களும் கொண்ட ஒரு கல்லூரிக்கு ஏற்பாடு செய்கிறது. யாருக்கு எவ்வளவு நெல் என்ற கணக்கோடு. பாகூரைச் சேர்ந்த சு. குப்புசாமி இந்தப் பகுதிக் கல்வெட்டுகளைத் திரட்டினார், கோ. விஜயவேணுகோபால் பதிப்பித்தார், 2006இலும் 2010இலும் இரண்டு பகுதிகளாகப் பிரெஞ்சு நிறுவனமும் பிரெஞ்சுத் தூரகிழக்குப் பள்ளியும் அவற்றை வெளியிட்டன. அதற்கு முன்பே, இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், இதே ஊரில் ஆசிரியராக இருந்த ழூவோ துப்ரேய் பல்லவர் கலையைக் காலவரிசைப்படுத்தினார். சித்தன்னவாசல் ஓவியத்தை உலகுக்குச் சொன்னவர்களில் அவரும் ஒருவர். சோழநாட்டின் எந்தத் தலைநகரமும் இல்லாத ஊர், இடைக்கால வரலாற்றுக்கு இவ்வளவு செய்திருக்கிறது.

புதுச்சேரியின் நிலப்படத்தைப் பார்த்தாலே இன்னொன்றும் தெரியும். தமிழ்நாட்டு ஊர்களுக்கு நடுவே துண்டு துண்டாகச் சிதறிக் கிடக்கும் ஓர் ஆட்சிப் பகுதி. நவாபு கொடுத்த ஊர், விலைக்கு வாங்கிய ஊர், போரில் இழந்து ஒப்பந்தத்தில் திரும்பப் பெற்ற ஊர். ஒரே ஏரியின் தண்ணீர் இரண்டு அரசுகளின் வயலுக்குப் போகிறது. எல்லைக் கோடு ஒரு கதை, வாய்க்கால் இன்னொரு கதை என்பது இங்கே வாழும் விவசாயிக்கு வரலாற்றாசிரியர் வந்து சொல்ல வேண்டியதில்லை.

இன்னும் மிச்சம்

தமிழ்க் கல்வெட்டுகளில் கணிசமானவை படியெடுக்கப்பட்டும் அச்சேறாமல் கிடக்கின்றன. கல்வெட்டுத் துறை 1966இல் உதகையிலிருந்து மைசூருக்குப் போனபோது மைப்படிகளும் கூடவே போயின. தமிழ்க் கல்வெட்டு மைப்படிகளைச் சென்னைக்குக் கொண்டுவர 2021இல் சென்னை உயர் நீதிமன்றம் ஆணையிட்டது. மைப்படி வந்துவிட்டால் போதாது, படிக்கத் தெரிந்தவர் வேண்டும். கல்வெட்டியல் படித்தவருக்கு வேலை எங்கே என்று எந்தப் பெற்றோரும் கேட்பார்கள், கேட்பதில் தவறும் இல்லை. அரசுகள் சிலைக்கும் விழாவுக்கும் ஒதுக்குவதில் சிறு பங்கு போதும், ஆண்டுக்குப் பத்துப் பேரை இந்த வேலையில் அமர்த்த.

வரைபடத்திலும் வேலை பாக்கி இருக்கிறது. ஊர் ஒவ்வொன்றுக்கும் ஒரு புள்ளி வைத்தாயிற்று. ஆனால் அந்தப் புள்ளிக்குள் நத்தமும் சேரியும் ஒன்றாக அடங்கிவிடுகின்றன. பெரிய கோவில் கல்வெட்டுகள் பறைச்சேரியையும் தீண்டாச்சேரியையும் வரிக்கழிவுப் பட்டியலில் மட்டும் சொல்கின்றன. நாட்டார் எல்லைக் கல் நட்டபோது அந்த நிலத்தில் உழுதவர்கள் அந்தப் பட்டியலில் ஒரு பரப்பளவாக மட்டும் வருகிறார்கள். தமிழ்க் கல்வெட்டுகளில் தீண்டாமை பற்றிக் கராஷிமா தனியாக எழுதினார். அதை நிலத்தில் வைத்துப் பார்க்க, நாட்டு அளவில் வரைந்த படம் போதாது. ஊருக்குள் நுழையும் அளவுக்குப் பெரிய படம் வேண்டும். அதற்கான நில அளவுகள், சேரி வாரியாக, மாவரையும் முந்திரியும் பிசகாமல், ஆயிரம் ஆண்டாகத் தஞ்சைக் கோவில் சுவரிலேயே இருக்கின்றன.